யூரிக் ஆசிட் கூடினால் தட்டிலும் கிளாசிலும் எதைக் குறைப்பது?

யூரிக் ஆசிட் கூடியிருக்கிறது என்று கிளினிக்கில் சொன்ன மறுநாளே நம் வீடுகளில் பருப்பு நின்றுவிடும். கூடவே கீரை, தவ்ஃபு, காளான், பயறு, புளி என்று பட்டியல் நீளும். பசியாற ரொட்டி சானாயோடு வரும் தே தாரிக்கில் மட்டும் யாரும் கை வைப்பதில்லை. சனிக்கிழமை வாழை இலைச் சாப்பாட்டில் சோற்றின் மேல் மூன்று வகைக் குழம்பு ஊற்றி வாங்குவதும் நிற்பதில்லை. மூன்று மாதம் கழித்து ரத்தம் எடுத்துப் பார்த்தால் எண் அசைந்திருக்காது. “பருப்பையே தொடலியே டாக்டர்” என்ற ஆதங்கம்தான் மிஞ்சும்.

பத்தியம் இருப்பதில் குறையில்லை. அதைப் பிடித்த இடம்தான் தப்பு. எதைக் குறைத்தால் எண் இறங்கும், எவ்வளவு இறங்கும், எந்த அளவுக்கு மேல் சாப்பாட்டை நம்பிப் பயனில்லை என்ற மூன்றையும் தெரிந்துகொண்டால் தேவையில்லாத பட்டினி போய்விடும்.

எண்ணைப் படிப்பது

மலேசிய ஆய்வகங்கள் யூரிக் ஆசிட்டை லிட்டருக்கு இத்தனை மைக்ரோமோல் என்று தருகின்றன. தமிழ்நாட்டிலிருந்து வரும் யூடியூப் காணொளிகள் டெசிலிட்டருக்கு இத்தனை மில்லிகிராம் என்று பேசுகின்றன. மருந்தகத்தில் விரலைக் குத்திப் பார்க்கும் சில கருவிகள் 0.48 என்று மில்லிமோலில் காட்டும். மூன்றையும் குழப்பிக்கொண்டு பயப்படுகிறவர்களும் உண்டு, நிம்மதியாக இருந்துவிடுகிறவர்களும் உண்டு. மில்லிகிராம் கணக்கை 59.5ஆல் பெருக்கினால் மைக்ரோமோல் வரும். 0.48 மில்லிமோல் என்றால் 480 மைக்ரோமோல், அதாவது சுமார் 8 மில்லிகிராம்.

மனிதருக்கு யூரிக் ஆசிட்டை மேலும் உடைக்கும் யூரிக்கேஸ் நொதி கிடையாது. அதனால் சிறுநீர் வழியாகவும் குடல் வழியாகவும் வெளியேற்றுவதைத் தவிர உடலுக்கு வேறு வழியில்லை. ரத்தத்தில் சுமார் 405 மைக்ரோமோல் வரைதான் அது கரைந்திருக்கும். அதற்கு மேல் போனால், ஆறிய தேநீரின் அடியில் சீனி தங்குவதுபோல, மூட்டுகளில் படிகமாகப் படியத் தொடங்கும். உடலின் நடுப்பகுதியைவிடக் குளிர்ச்சியான இடம் கால் பெருவிரல் மூட்டு. முதல் வலி பெரும்பாலும் அங்கே வருவதற்கு இதுவும் ஒரு காரணம்.

இப்படிப் படிகம் படிந்து வரும் மூட்டு வலி நோய்தான் கவுட். அது உள்ளவருக்கு வைக்கும் இலக்கு 360க்குக் கீழ். காது மடலிலோ முழங்கையிலோ விரலிலோ சுண்ணாம்புக் கட்டி போலத் திரண்டுவிட்டால் இலக்கு 300க்குக் கீழ் இறங்கும். ஆனால் எண் கூடுதலாக இருக்கும் எல்லோருக்கும் கவுட் வந்துவிடுவதில்லை. 10 மில்லிகிராமைத் தாண்டியவர்களிலேயே 15 ஆண்டுகளில் ஏறக்குறையப் பாதிப் பேருக்குத்தான் வந்தது என்று பெரிய ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்ததில் தெரிகிறது. வலியே வந்திராதவருக்குப் பொதுவாக மருந்து தொடங்குவதில்லை. சாப்பாட்டைச் சரிசெய்யவும், ரத்த அழுத்தத்தையும் சிறுநீரகத்தையும் பார்த்துக்கொள்ளவும் அந்த எண் ஒரு எச்சரிக்கை, அவ்வளவே.

உடலில் சேரும் யூரிக் ஆசிட்டில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு நம் செல்கள் சிதைந்து புதுப்பிக்கப்படும்போது உள்ளேயே உருவாவது. சாப்பாட்டிலிருந்து வருவது மீதி ஒரு பங்கு. அத்துடன் கவுட் உள்ளவர்களில் மிகப் பெரும்பாலோருக்குச் சிக்கல், சிறுநீரகம் போதுமான அளவு வெளியேற்றாததுதான். ஆகவே வெளியேற்றத்தைத் தடுக்கும் பொருள்களுக்கும் உற்பத்தியைத் தூண்டும் பொருள்களுக்கும், உடலில் யூரிக் ஆசிட்டாக மாறும் பியூரின் என்ற பொருள் நிறைந்த உணவுகளுக்கு நிகரான இடம் கொடுத்துப் பார்க்க வேண்டும்.

கறியும் குழம்பும்

பியூரின் தண்ணீரில் கரையும். இந்த ஒரு விஷயம் தெரிந்தாலே பாதிப் பத்தியம் தெரிந்த மாதிரி. இறைச்சியையோ எலும்பையோ நேரம் எடுத்துக் கொதிக்க வைத்தால் அதிலிருக்கும் பியூரினில் ஒரு நல்ல பங்கு நீரில் இறங்கிவிடும். “கறி சாப்பிடல, சூப் மட்டும்தான் குடிச்சேன்” என்பவர் இறங்கியதை எல்லாம் குடித்திருக்கிறார். ஆட்டுக்கால் சூப், சூப் துலாங், இகான் பிலிஸ் போட்டுக் காய்ச்சிய சாறு எல்லாம் இந்த வரிசை. இகான் பிலிஸைக் கொதிக்கவிட்டு, நெத்திலியை எடுத்து எறிந்துவிட்டுச் சாற்றை வைத்துக்கொள்வது நம் தேவைக்கு நேர் எதிர் வேலை.

பினாங்கு நாசி கண்டார் தட்டை எடுத்துக்கொள்வோம். கோழித் தொடை ஒன்றில் 150 கிராம் சதை என்று வைத்தால் சுமார் 180 மில்லிகிராம் பியூரின். சோத்தோங் 100 கிராமுக்குச் சுமார் 190. இரண்டும் சேர்ந்து 370. ஒரு நாளைக்கு 400 மில்லிகிராமுக்குள் நிறுத்தச் சொல்கிறது ஜப்பானின் வழிகாட்டி. ஒரே தட்டில் அந்தக் கணக்கு ஏறக்குறைய முடிந்துவிட்டது. இன்னும் குழம்பைச் சேர்க்கவே இல்லை. கோழி, மாடு, மீன், இறால் என்று நாலைந்து சட்டியிலிருந்து அள்ளிச் சோறு மூழ்க ஊற்றும் ‘குவா பஞ்சிர்’ கூடுதல் கணக்கு. நாசி கண்டாரின் ருசியே அந்தக் கலப்பில்தான் இருக்கிறது என்பதை மறுக்க முடியாது. முழுசாக விட முடியாதவர் ஒரு கறியை மட்டும் எடுத்துக்கொண்டு, “அண்ணே, மேல ஊத்தாதீங்க, ஓரமா ரெண்டு கரண்டி போதும்” என்று சொல்லிவிடலாம். சோத்தோங்குக்குப் பதில் முட்டை வாங்கலாம். முட்டையில் பியூரின் இல்லை என்றே சொல்லலாம். வெண்டைக்காய் தாராளமாக வாங்கலாம்.

பிரிக்ஃபீல்ட்ஸ் பக்கம் வாழை இலைச் சாப்பாட்டில் இதைச் செய்வது இன்னும் எளிது. பருப்பு, ரசம், மோர் மூன்றும் கேட்டால் வரும். கோழிக் குழம்பும் நண்டுக் குழம்பும் வேண்டாம் என்றால் ஊற்றமாட்டார்கள். காய் இரண்டாம் முறை வாங்கிக்கொள்ளலாம்.

வீட்டில் ஆட்டிறைச்சியோ கோழியோ சமைக்கும்போது துண்டுகளாக்கிப் பத்து நிமிடம் தண்ணீரில் கொதிக்கவிட்டு, அந்த நீரைக் கொட்டிவிட்டு, பிறகு மசாலாவில் பிரட்டிச் சமைத்தால் பியூரின் குறையும். ருசியும் கொஞ்சம் குறையும், அதை மறைப்பதற்கில்லை. பிரட்டலாகவோ வறுவலாகவோ செய்தால் அவ்வளவு தெரியாது. இறாலுக்கும் மீனுக்கும் இந்த வழி ஒத்துவராது. அவற்றில் அளவைக் குறைப்பதுதான் வழி: மீனோ கோழியோ கறியோ, நாளொன்றுக்குச் சமைக்காத எடையில் 100 முதல் 120 கிராம், உள்ளங்கை அளவு.

அடியோடு விட வேண்டியது ஈரல், மண்ணீரல், சிறுநீரகம் போன்ற உறுப்புகள். கோழி ஈரலில் 100 கிராமுக்கு 300 மில்லிகிராமைத் தாண்டும். சாளை மீனில் 200க்கு மேல். காய்ந்த நெத்திலியில் 700ஐத் தாண்டும் என்றாலும் அளவைப் பார்க்க வேண்டும். நாசி லெமாக் பொட்டலத்தில் தூவி வரும் ஐந்து கிராமில் 40 மில்லிகிராம்கூட இருக்காது. அதற்காக நாசி லெமாக்கை ஒதுக்குவது வீண். கிண்ணம் நிறைய சம்பல் இகான் பிலிஸ் வைத்துக்கொண்டால் அது வேறு கதை.

கிளாசில் வருவது

இனிப்பில் பியூரின் இல்லை. அதனால்தான் யாரும் சந்தேகப்படுவதில்லை. சீனியில் பாதி ஃபிரக்டோஸ். அது ஈரலுக்குப் போனதும் அங்குள்ள நொதி அதைப் பிடித்துப் பதப்படுத்த செல்லின் ஆற்றல் மூலக்கூறான ஏடிபியை மளமளவென்று செலவழிக்கும். அப்படிச் செலவானதன் மிச்சம் சிதைந்து யூரிக் ஆசிட்டாகிறது. ஒரு துண்டு கறியும் சாப்பிடாமல் எண் ஏறும் வழி இது. மெல்ல உள்ளே போகும் பழத்தைவிட, கடகடவென்று குடித்துவிடும் பானத்தில் இந்த வேகம் கூடுதல்.

ஒரு கிளாஸ் தே தாரிக்கில் இரண்டு மேசைக்கரண்டி கெட்டிப்பால் விழுந்தால் சுமார் 40 கிராம். அதில் சேர்த்த சீனி மட்டும் 17, 18 கிராம். பாதி ஃபிரக்டோஸ் என்றால் 9 கிராம். காலை ஒன்று, பத்து மணிக்கு ஒன்று, மாலை ஒன்று, இரவு மாமாக் கடையில் பந்து விளையாட்டு பார்த்துக்கொண்டே ஒன்று என்றால் 36 கிராம். பால்தானே, நல்லதுதானே என்ற சமாதானமும் இங்கே செல்லாது. கடைகளில் பெரும்பாலும் ஊற்றுவது செம்பனை எண்ணெய் சேர்ந்த இனிப்பு கிரீமர். பாலின் பலனை அதில் எதிர்பார்க்க முடியாது.

சிராப் பண்டோங், கரும்புச் சாறு, மைலோ ஐஸ், டின் பானம் எல்லாம் இதே கணக்குதான். செண்டோலில் விழும் குலா மெலாகாவும், “சீனி இல்லை, தேன்தான்” என்று கலக்கும் தேனும், நாட்டுச் சர்க்கரையும் இதிலிருந்து தப்பாது. டின்னையோ போத்தலையோ திருப்பிப் பார்த்தால் 100 மில்லிலிட்டருக்கு எத்தனை கிராம் சீனி என்று போட்டிருக்கும். 2019 ஜூலை 1 முதல் அரசாங்கம் சீனிப் பானங்களுக்கு வரி போடத் தொடங்கியபோது வைத்த கோடு 100 மில்லிலிட்டருக்கு 5 கிராம். அதற்குக் கீழே வருவதற்காகப் பல பானங்களின் கலவை மாற்றப்பட்டது. 5 கிராம் என்றாலும் அரை லிட்டர் போத்தலில் 25 கிராம் ஆகிவிடும் என்பதை மறக்க வேண்டாம்.

மாற்று எளிது: தே ஓ கொசோங், கோப்பி ஓ கொசோங். சட்டென்று இறங்க முடியாதவர் இரண்டு வாரம் ‘குராங் மானிஸ்’ என்று சொல்லிப் பழகிவிட்டு இறங்கலாம். கோப்பி குடிப்பவர்களுக்குக் கவுட் குறைவாக வருவதாக ஆய்வுகள் காட்டுகின்றன. அதற்காகப் பழக்கமில்லாதவர் தொடங்க வேண்டியதில்லை. கொழுப்பு நீக்கிய பாலும் தயிரும் மோரும் நிஜமாகவே துணை செய்பவை. பால் புரதம் சிறுநீரில் யூரிக் ஆசிட் வெளியேறுவதைக் கூட்டும். நாளுக்கு ஒன்றிரண்டு கிளாஸ் போதும். தண்ணீர் இரண்டு லிட்டரிலிருந்து இரண்டரை லிட்டர் வரை; இருதயமோ சிறுநீரகமோ பலவீனமானவர் மருத்துவர் சொன்ன அளவோடு நிற்க வேண்டும்.

முழுப் பழத்தைப் பற்றிப் பயம் வேண்டாம். அதையே ஜூஸாக்கிக் குடிப்பதில்தான் வினை. ஒன்றை மட்டும் தனியாகச் சொல்ல வேண்டும்: ரத்த அழுத்தத்துக்கு நல்லது என்று நட்சத்திரப் பழத்தைச் சாறு பிழிந்து குடிப்பவர்கள் இங்கே நிறைய. கவுட் உள்ளவர்களில் பலருக்குச் சிறுநீரகமும் சுணங்கியிருக்கும். அப்படிப்பட்டவருக்கு நட்சத்திரப் பழம் விஷம். விக்கல், குழப்பம், வலிப்பு என்று போய் உயிருக்கே ஆபத்தாகலாம்.

மதுவில் பீர்தான் முதல் எதிரி. பியூரினும் அதில் உண்டு. ஆல்கஹால் சிறுநீரகத்தின் வெளியேற்றத்தையும் தடுக்கும். இரண்டு பக்கமும் அடி. சம்சு, விஸ்கி போன்றவற்றில் பியூரின் இல்லாவிட்டாலும் தடுக்கும் வேலையைச் செய்யும். கள் இயற்கையானது என்று தனிச் சலுகை கேட்பார்கள். அதிலும் ஆல்கஹால்தான், ஈஸ்ட் கலங்கலோடு.

பருப்பு மேல் போட்ட பழி

47,150 ஆண்களை 12 ஆண்டுகள் பின்தொடர்ந்த அமெரிக்க ஆய்வொன்று 2004இல் வெளியானது. இறைச்சியும் கடல் உணவும் அதிகம் சாப்பிட்டவர்களுக்குக் கவுட் கூடுதலாக வந்தது. பால் பொருள்கள் சாப்பிட்டவர்களுக்குக் குறைந்தது. பியூரின் உள்ள காய்கறிகளையும் பருப்பு வகைகளையும் சாப்பிட்டவர்களுக்குக் கூடவில்லை. இத்தனை ஆண்டு ஆகியும் இந்தக் கடைசிச் செய்தி நம் சமையலறைக்கு வந்து சேரவில்லை.

அளவைப் பார்த்தாலும் நியாயம் புரியும். ஒரு கிண்ணப் பருப்பில் உலர்ந்த மைசூர்ப் பருப்பு 30 கிராம் இருந்தால் பியூரின் 25 மில்லிகிராமைத் தொடாது. தவ்ஃபு 100 கிராமில் சுமார் 30. பசலைக் கீரையில் சுமார் 50. கறியைக் குறைத்தவர் பருப்பையும் தவ்ஃபுவையும் விட்டுவிட்டால் புரதத்துக்கு எங்கே போவார்? சோற்றைக் கூட்டுவார், சர்க்கரை ஏறும். நீரிழிவும் யூரிக் ஆசிட்டும் ஒன்றாக உள்ள நம் ஆள்களுக்கு இது இரட்டை நட்டம்.

புளிப்பு ஆகாது என்பதும் பெயரைக் கேட்டு வந்த பயம். புளியோ எலுமிச்சையோ யூரிக் ஆசிட்டாக மாறுவதில்லை. ரசத்தையும் அசாம் மீனையும் புளிக்காகப் பழிக்க வேண்டாம்.

விரதமும் விருந்தும்

தைப்பூசத்துக்கு முந்தைய வாரங்களில் சைவமாக இருப்பவர்களுக்கு எண் இறங்க வேண்டும். ஆனால் சிலருக்குத் தைப்பூசத்தன்றோ அடுத்த ஓரிரு நாளிலோ வலி கிளம்புகிறது. பத்துமலைக்கு இரவு முழுக்க நடந்து, வியர்த்து, 272 படி ஏறும்போது உடலில் நீர் வற்றும். வெறும் வயிற்றோடு இருந்தால் உடல் கொழுப்பை எரித்துக் கீட்டோன் உருவாக்கும். கீட்டோன் சிறுநீரகத்தில் யூரிக் ஆசிட்டின் வழியை மறிக்கும். தாகத்துக்குத் தண்ணீர்ப் பந்தலில் கிடைப்பது பெரும்பாலும் சிவப்பு சிராப். கவுட் உள்ள பக்தர் வெறும் தண்ணீரை மணிக்கு ஒரு முறையாவது குடித்துக்கொண்டு, பந்தலில் மோர் இருந்தால் அதைக் கேட்டு வாங்குவது நல்லது. விரதம் முடித்த கையோடு ஆட்டுக்கறியும் பீருமாக விருந்து வைப்பது வலியைத் தாம்பூலம் வைத்து அழைப்பதற்குச் சமம். தீபாவளியிலும் இதே வரிசைதான்: முதல் நாள் கறி, இரண்டாம் நாள் மது, மூன்றாம் நாள் விடியலில் பெருவிரல்.

ஒரே மாதத்தில் பத்துக் கிலோ குறைக்கும் கீட்டோ உணவு முறையும் இதே காரணத்தால் வலியைக் கிளப்பும். எடை குறைவது யூரிக் ஆசிட்டுக்கு மிக நல்லது. வாரத்துக்கு அரைக் கிலோ, மிஞ்சினால் ஒரு கிலோ என்று இறங்கட்டும்.

சாப்பாட்டால் தீராத மிச்சம்

மேலே சொன்னதை எல்லாம் ஒழுங்காகச் செய்தால் எவ்வளவு இறங்கும்? கடுமையான பத்தியத்தால் கிடைப்பது பொதுவாக 60 மைக்ரோமோல், அதாவது 1 மில்லிகிராம் அளவு. 410இல் இருப்பவர் 350க்கு வந்துவிடலாம். 560இல் இருப்பவர் எவ்வளவு பத்தியம் இருந்தாலும் 500ஐ ஒட்டித்தான் நிற்பார். படிகம் படிந்துகொண்டே இருக்கும். அவரைப் பார்த்து “வாயைக் கட்டலை” என்று வீட்டார் குறை சொல்வது அநியாயம். ஆண்டுக்கு இரண்டு முறை வலி வருபவருக்கும், கட்டி விழுந்தவருக்கும், மூட்டு தேய்ந்தவருக்கும் மருந்து வேண்டும்.

பழைய மருந்துச் சீட்டையும் ஒரு முறை பார்க்கச் சொல்லுங்கள். ரத்த அழுத்தத்துக்குத் தரும் ஹைட்ரோகுளோரோதயாசைடு யூரிக் ஆசிட்டைக் கூட்டும். லோசார்டான் சற்றுக் குறைக்கும். மாற்ற முடியுமா என்று மருத்துவரிடம் கேட்கலாம், தானாக நிறுத்தக் கூடாது. இருதயத்துக்காகச் சாப்பிடும் சிறிய அளவு ஆஸ்பிரினும் கூட்டும். ஆனால் அதை இதற்காக நிறுத்துவதில்லை.

யூரிக் ஆசிட்டைக் குறைக்கும் மருந்தான அலோபியூரினாலைப் பொதுவாக 100 மில்லிகிராமில், சிறுநீரகம் பலவீனமானவருக்கு அதைவிடக் குறைவாகத் தொடங்கி, சில வாரத்துக்கு ஒரு முறை ரத்தம் பார்த்து 360க்குக் கீழே வரும் வரை கூட்டிக்கொண்டு போவார்கள். பலர் தடுக்கி விழும் இடம் இதுதான்: தொடங்கிய முதல் சில மாதங்களில் வலி கூடுதலாக வரும். படிந்த படிகம் கரைந்து உதிர்வதால் வருவது அது. “மருந்து ஒத்துக்கலை” என்று நிறுத்திவிட்டால் மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டும். இதைத் தடுக்கத்தான் மூன்றிலிருந்து ஆறு மாதம் வரை குறைந்த அளவு கோல்சிசினும் சேர்த்துத் தருகிறார்கள். ஆனால் தோலில் தடிப்பு, வாய்ப்புண், காய்ச்சல் வந்தால் அந்தக் கணமே அலோபியூரினாலை நிறுத்திவிட்டு மருத்துவமனைக்குப் போக வேண்டும். அரிதாக வரும் இந்தக் கடும் ஒவ்வாமை பெரும்பாலும் முதல் மூன்று மாதத்துக்குள் வரும். இதன் ஆபத்தை முன்கூட்டியே காட்டும் மரபணுப் பரிசோதனையும் உண்டு.

வலி வந்துவிட்ட நாளில் காலை உயர்த்தி வைத்து, துணியில் சுற்றிய ஐஸை இருபது நிமிடம் வையுங்கள். தைலம் போட்டு உருவுவதும் சுடுதண்ணீர் ஒத்தடமும் வீக்கத்தைக் கூட்டும். வலி மருந்தை முதல் 24 மணி நேரத்துக்குள் தொடங்கினால்தான் பலன் நன்றாக இருக்கும். சிறுநீரகக் கோளாறு உள்ளவர் கடையில் தானாக வலி மாத்திரை வாங்கக் கூடாது. ஏற்கெனவே அலோபியூரினால் சாப்பிடுகிறவர் அதை நிறுத்தாமல் தொடர வேண்டும். வலி நேரத்தில் எடுக்கும் ரத்தத்தில் எண் சாதாரணமாகவே காட்டலாம். தணிந்து இரண்டு மூன்று வாரம் கழித்து எடுப்பதே சரியான எண். குளிர்காய்ச்சலோடு மூட்டு சிவந்து வீங்கினால் கவுட் என்று வீட்டிலேயே முடிவு கட்டாதீர்கள். மூட்டுக்குள் கிருமி புகுந்திருந்தால் சில நாள்களிலேயே மூட்டு போய்விடும்.

கடைசியாக, இரவுச் சந்தையிலும் வாட்ஸ்அப்பிலும் விற்கும் ‘மூலிகை’ உருண்டைகள். ஒரே இரவில் வலி பறந்துவிட்டது என்றால் சந்தேகப்படுங்கள். டெக்சாமெத்தசோன் போன்ற ஸ்டீராய்டு கலந்த பாரம்பரிய மருந்துகள் மலேசியாவில் திரும்பத் திரும்பப் பிடிபட்டிருக்கின்றன. முகம் உப்பும், சர்க்கரை ஏறும், எலும்பு பலவீனமாகும், யூரிக் ஆசிட் மட்டும் இறங்காது. பதிவு பெற்ற மருந்தின் அட்டையில் ‘எம்ஏஎல்’ என்று தொடங்கும் எண் இருக்கும். அது இல்லாத உருண்டையை மாதக்கணக்கில் சாப்பிட்டு வந்தவர் திடீரென்று நிறுத்தக் கூடாது. ஸ்டீராய்டு உள்ளே போய்க்கொண்டிருந்ததால் உடல் தன் சொந்த ஸ்டீராய்டு சுரப்பதைக் குறைத்திருக்கும். சட்டென்று நின்றால் மயக்கம், வாந்தி, ரத்த அழுத்தச் சரிவு வரலாம். பொட்டலத்தோடு கிளினிக்குக்குப் போய், எத்தனை மாதமாக, நாளுக்கு எத்தனை உருண்டை என்று மறைக்காமல் சொன்னால் படிப்படியாக நிறுத்தும் வழியை அவர்கள் பார்ப்பார்கள்.